வெள்ளைவால் வரவில்லை

20.11.94, ஞாயிறு

காலையில் ஒரு நல்ல பொய்க்குத் துணை போனேன். பாவம் பாதி எனக்கு. இல்லை, முக்காலும் எனக்குத்தான். யோசனையே என்னுடையது.

ஒன்பது மணிக்கு ஓசூரிலிருந்து பாக்கியசீலன் போன். பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சரின் ஒரே மகன். டீச்சர் வீட்டில் போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் புறவாசலுக்கு ஓடி, காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "டீச்சர், போன்!" என்று கத்துவேன். அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவனிடம் நாலு வார்த்தை பேசியும் விடுவேன். முப்பத்துமூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ரிசீவரைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்க என் கைக்குத் தெரியாது.

இரண்டு வருஷமாக அவன் கேட்பது ஒன்றுதான். வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூருக்கு வந்துவிடுங்கள். டீச்சர் வீட்டுக்கார ஸார் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனி, இப்போது ரிட்டையரும் ஆயாச்சு. போன வருஷம் சர்ச்சுக்கு வெள்ளையடிக்கணும் என்றாள். கோடையில் மாங்காய் கிடக்கு என்றாள். இன்றைக்கு அவன் விடவில்லை போல. டீச்சர், "அது வந்துடா... அது வந்து..." என்று இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தலைக்கு மேல் விரலைக் குவித்துக் கொண்டை காட்டி, முந்தானையை இடுப்புக்குப் பின்னால் நீளமாக ஆட்டிக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள்!

"வெள்ளைவால் குருவிடா! அரசவால் ஈப்பிடிப்பான். குளிருக்கு நம்ம தோட்டத்துக்கு வரும். அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துருதேன். சத்தியமா."

ரிசீவரை வைத்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் இவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "ரெண்டு கெழவியளுக்கும் என்ன கோட்டி புடிச்சிருக்கு?"

21.11.94

டீச்சருக்கு இப்போது பயம். சுவரோரம் வந்து, "யக்கா, நெசமாவே வந்துட்டுன்னா?" என்கிறாள். கடைசியாக வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால், அதுவும் ஒரே ஒரு நாள். வராது, நான் பொறுப்பு என்றேன். பறவைகளுக்கு நான் எப்போதிலிருந்து பொறுப்பு?

26.11.94

தபாலில் டீச்சருக்கு ஒரு பார்சல். பைனாகுலர்! கூடவே சீட்டு: "அம்மா, இதை வைத்துப் பார்த்தால் சீக்கிரம் கண்ணில் படும்." டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்கணுமே. இப்படி ஒரு நல்ல பிள்ளையைப் பெற்றுவிட்டு என்ன செய்வது?

30.11.94

மூன்று நாளாக அடைமழை, இன்றுதான் வெளுத்தது. புறவாசலில் கச்சேரி. மாமரத்தில் மாங்குயில், கிணற்றுக் கயிற்றில் வாலாட்டி, செம்பருத்தியில் தேன்சிட்டு. தவிட்டுக்குருவிகள் ஏழும் வழக்கம்போல வாழைக்கடியில் குடும்பச் சண்டை. பதினாறு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. அவள் சப்போட்டா மரத்துக்கு வந்தால் அவள் கணக்கு, என் மாமரத்துக்கு வந்தால் என் கணக்கு. சுவர் மேல் உட்கார்ந்தால் சண்டை. டீச்சர் பயாலஜி எடுத்தவள், பேரெல்லாம் அவள்தான் சொல்லித் தந்தாள். அதற்கு முன் எனக்குத் தெரிந்தது காக்காய், குருவி, கோழி.

இந்தக் கச்சேரிக்கு நடுவில் ஒரு செங்கல் நிறக் குருவி. கொண்டை இருக்கிறது, நீள வால் இல்லை.

டீச்சர் பைனாகுலரை இறக்கினாள். முகம் வெளிறிவிட்டது. "யக்கா, இது அதோட பொட்ட."

"வால் இருக்கா?"

"இல்ல."

"அப்ப கணக்குல சேராது. வெள்ளைவால்னுதான சத்தியம்?"

பெண்ணைக் கணக்கில் சேர்க்காததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

9.12.94

வந்துவிட்டது. சவம்!

பாத்திரம் விளக்கும் தொட்டிக்கு மேலே மாங்கிளையில். கறுத்த தலை, உடம்பெல்லாம் பால் வெள்ளை, முக்கால் முழத்துக்கு இரண்டு வெள்ளை நாடா. கிளையிலிருந்து தொட்டியில் ஒரே பாய்ச்சல், திரும்பக் கிளை, திரும்பத் தொட்டி. குளிக்கிறதாம். அழகு... சொல்ல முடியாது. கையில் இருந்த தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. டீச்சர் பின்வாசலில் துணி காயப்போடும் சத்தம். இவருடைய எட்டு முழ வேட்டி இரண்டை எடுத்துச் சுவரோரக் கொடியில் விரித்துப் போட்டேன். காய்ந்த வேட்டிதான். வேறு வழியில்லை.

இவர் வந்து பார்த்தார். "ஏட்டி, நேத்துதான தொவச்சது? இப்ப எதுக்கு வெயில்ல தொங்குது?"

"பூச்சி வாடை அடிச்சுது."

"எனக்கு அடிக்கலியே."

"உங்களுக்கு என்னதான் அடிச்சிருக்கு?" என்றேன். போய்விட்டார்.

10.12.94

மறுபடியும் வந்தது. வெட்கமே இல்லாத ஜென்மம்.

13.12.94

பாத்திரம் விளக்க வரும் இசக்கித்தாய் பார்த்துவிட்டாள். அவள் வாய் மேலத் தெரு வரைக்கும் கேட்கும். "யம்மா, அங்கன பாருங்க! குருவி வாலுல எந்தப் பயலோ நாடா கட்டி விட்டிருக்கான்!"

வாயைப் பொத்தாத குறை. "கத்தாத, பைய பேசு. பட்டத்து நூலு மாட்டியிருக்கு. சத்தங் கேட்டா மெரண்டு போயி எங்கயாவது சிக்கிச் செத்துரும். அந்தப் பாவம் உனக்குத்தான்."

நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாவத்தைப் போக்க மரத்தடியில் அரைமணி நேரம் நின்றாள். பாத்திரம் எல்லாம் நான்தான் விளக்கினேன்.

18.12.94, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காலை ஏழரை மணி. வேட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். டீச்சர் அவள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் பைனாகுலர். அதன் நேர் எதிரே சப்போட்டாக் கிளையில் வெள்ளைவால், பத்தடி தூரத்தில், வாலை ஆட்டி ஆட்டி. பைனாகுலரே வேண்டாம், கண்ணாடியைக் கழற்றினாலும் தெரியும். கால்மணி நேரம் பார்த்தாள். முகம் குழந்தை முகமாகிவிட்டது. சரி, போச்சு, எல்லாம் முடிந்தது என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். காப்பி இறங்கவில்லை.

ஒன்பது மணிக்கு அவன் போன். டீச்சர் வந்தாள். ரிசீவரை வாங்கினாள். "இல்லடா... இன்னும் வரல. நான் என்ன, வச்சுக்கிட்டா இல்லங்கேன்? தினமும் பாக்கத்தான் செய்யுதேன்."

அடி ஆத்தீ! ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, சர்ச்சுக்குப் போகிற வழியில்!

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "வாறேன் யக்கா" என்று போய்விட்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன்.

25.12.94

டீச்சர் முந்திரிக்கொத்தும், எங்கள் சைவப் பிள்ளைமார் வீட்டுக்காக முட்டை போடாத அச்சுமுறுக்கும் கொண்டுவந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், சுவர் மேல் தட்டு.

"என்ன டீச்சர், புதுசா குருவி ஏதும்?"

"தவிட்டுக்குருவிதான் யக்கா. உங்களுக்கு?"

"எனக்கும் அதான்."

அந்த நேரம் பார்த்து வெள்ளைவால் எங்கள் இரண்டு மூக்குக்கும் நடுவே சுவரோடு சேர்ந்து பறந்து போனது. வால் தட்டைத் தொட்டிருக்கும். இரண்டு பேரும் முந்திரிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பாகு நல்லா வந்திருக்கு" என்றேன். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

இவள் போய்விட்டால் நான் யாரோடு இப்படிப் பொய் சொல்லுவேன்?

1.1.95, ஞாயிறு

வருஷப் பிறப்பு. எழுதலாமா என்று மூன்று தடவை நோட்டை மூடினேன்.

பாக்கியசீலன் எட்டரைக்கே கூப்பிட்டான். "அத்த, அம்மையக் கூப்பிடாண்டாம். மொதல்ல உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்." குரலே சரியில்லை. அவன் பெண்டாட்டி பிருந்தாவுக்கு நாலு முடிந்து ஐந்தாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். அவளுக்குத் தாயும் இல்லை. இவன் ஷிஃப்டுக்குப் போனால் அந்தப் பிள்ளை தனியாக முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

"அம்மைக்குச் சொல்லேம்ப்பா!" என்றேன்.

"சொல்லக்கூடாது அத்த. ரெண்டு தடவ சொன்னோம். ரெண்டு தடவயும் நிக்கல. அம்மா சட்ட எல்லாம் தச்சு வச்சிருந்தாங்க. இந்தத் தடவ கையில வாங்குற வரைக்கும் அம்மாட்ட மூச்சு விடக்கூடாதுன்னு பிருந்தா சத்தியம் வாங்கிட்டா. யார்ட்டயாவது சொல்லாம என்னால முடியல, அதான். அம்மா அந்தக் குருவியப் பாத்துட்டு அவங்களா கெளம்பி வந்தாப் போதும். வந்துட்டுன்னா சொல்லுங்க அத்த."

என் முந்தானை வாலை நம்பி அங்கே ஒரு பெண் படுத்துக் கிடக்கிறாள்.

அப்புறம் டீச்சரைக் கூப்பிட்டேன். வந்தாள். "ஹேப்பி நியூ இயர்டா... இல்ல, இன்னும் வரல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2.1.95

எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த முதல் நாள் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். லைனில் காதில் விழுந்தது காதோடு. எத்தனை சாவு, எத்தனை கல்யாணம், எத்தனை ஓடிப்போன கதை இந்தக் காதில் விழுந்திருக்கிறது. எதையும் மறந்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை, இவரிடம்கூட. இந்த நோட்டில் எழுதியதே முதல் குற்றம்.

3.1.95

சொல்லவில்லை.

5.1.95

சொல்லவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். இவர் வாயைத் திறக்காமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

கையெழுத்து, காதோடு என்று எழுதுகிறேனே, உண்மையிலேயே அதனால்தான் சொல்லவில்லையா? டீச்சர் போகக்கூடாது என்கிற என் ஆசைக்கு அது நல்ல சாக்காக இருக்கிறது. ஐந்து நாள் ஒளிந்து கொண்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பாக்கியசீலன் சொன்னதைச் சொல்லக்கூடாது. சரி. ஆனால் குருவி போனில் வரவில்லையே? அது என் கண்ணில் பட்டது. அதைச் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம்.

8.1.95, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

டீச்சர் வாசற்படி ஏறும்போதே, அவள் காதில் விழும்படியே போனில் பாக்கியசீலனிடம் சொன்னேன். "குருவி வந்துட்டுப்பா. வெள்ளைவால்தான். நானும் பாத்தேன், உங்க அம்மையும் பாத்தாச்சு. டிசம்பர்லயே."

"தேங்க்ஸ் அத்த" என்றான், அழுகிற குரலில்.

டீச்சர் ரிசீவரை வாங்கினாள். நானே போட்டு உடைத்த பிறகு இனிப் பொய் சொல்ல வழியில்லை. "ஆமா... பாத்தேன். சரி. பொங்கல் கழிச்சு வாறேன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். "பதினாறு வருசம். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

நான் போன் ஒயரைச் சிக்கெடுத்தேன்.

"நான் போணும்னா நேரா சொல்லிருக்கலாம். டெலிபோன்காரி புத்தி! நடுவுல நின்னு ஒட்டுக் கேக்கவும், கோத்து விடவும்!"

சிக்கு போன பிறகும் ஒயரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் போன பிறகு இவர் கேட்டார், "ஏன் சொன்ன?"

"வந்துச்சு, சொன்னேன்."

என்னையே பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். தண்ணியாக இருந்தது.

11.1.95

சுவரோரம் போய் நின்றேன். டீச்சர் கதவைச் சாத்தினாள். பைய இல்லை, படீரென்று.

16.1.95

லாரி வந்தது. மகன் வரவில்லை, அவன் ஃபேக்டரிக்காரர் ஒருவர் வந்தார். "பெத்தவளக் கூட்டிட்டுப் போகக்கூட நேரமில்ல அவனுக்கு" என்று டீச்சர் இசக்கித்தாயிடம் சொன்னது எனக்காகச் சொன்னதுதான். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே, இப்போதும் வலிக்கிறது.

வீட்டுச் சாவியை இவர் கையில் கொடுத்தாள். எலுமிச்சம்பழச் சோறு கட்டி வைத்திருந்தேன். வாங்கவில்லை. இசக்கித்தாய்தான் வாங்கி அவள் சீட்டுக்கடியில் வைத்தாள். வண்டி திரும்பும்போது டீச்சர் சப்போட்டாவைப் பார்த்தாள், மாமரத்தைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். அதற்கு நடுவில்தான் நான் நின்றேன்.

17.1.95

வெள்ளைவால் டீச்சர் வீட்டுச் சப்போட்டாவில். ஆள் இல்லாத வீட்டில் உனக்கென்ன ஆட்டம்? போ, மூதி! என்று கல்லைக்கூட எடுத்துவிட்டேன்.

பிறகு கல்லைப் போட்டுவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். அது என்ன செய்யும், பாவம்.

22.1.95, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. புறவாசலிலிருந்து ஓடினேன். யாரோ ஒரு அண்ணாச்சி அரிசி ஆலையைக் கேட்டார். நான் "ஹலோ" என்று கத்திய கத்தில் மிரண்டிருப்பார்.

பிறகு அடிக்கவில்லை. பிருந்தா எப்படி இருக்கிறாளோ? நானாகக் கூப்பிட்டால் டீச்சர் எடுப்பாளே. எடுத்தால் என்ன பேசுவது?

27.1.95

லைன்மேன் அசன் மைதீன் வந்தார். என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றால், "ஸார் சொன்னாங்கம்மா, லைனப் பின்னால வரைக்கும் இழுக்கணுமாம்" என்கிறார். ஆணியடித்து, கம்பி இழுத்து, புறவாசல் மாடத்தில் போனை வைத்துவிட்டுப் போனார்.

இவரிடம் கேட்டேன், என்னத்துக்கு என்று.

"நீ நாள் பூரா அங்கனதான கெடக்க. மணி அடிச்சா தலைதெறிக்க ஓடியாற. நடையில தட்டி விழுந்து கைகால் போச்சுன்னா யாரு பாக்கது?" பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

29.1.95, ஞாயிறு

ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம். இரண்டாம் மணிக்குள் எடுத்துவிட்டேன்.

"யக்கா."

டீச்சர்தான்.

"பிருந்தாவுக்கு நாந்தான் தலை வாரி விடுதேன். கஞ்சியும் நாந்தான். நேத்து கைய வச்சுப் பாத்தேன். அசையுது யக்கா."

"அப்படியா!" என்றேன், இப்போதுதான் கேட்கிறவளைப் போல.

"நடிக்காதீங்க. பாக்கியம் எல்லாஞ் சொல்லிட்டான். ஒண்ணாந்தேதியே உங்களுக்குத் தெரியும். போன ஞாயித்துக்கெழமையே டயல் பண்ணினேன். பாதியில வச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு. என்னெல்லாம் பேசிட்டேன் உங்கள. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லக்கூடாது டீச்சர்."

"தெரியும். தெரியும்."

எஸ்.டி.டி. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க மாடி வீடு. சன்னலத் தெறந்தா அடுத்த வீட்டுச் சன்னல். காக்காய்கூட அவசரத்துல போவுது. நம்ம தோட்டத்தக் கொஞ்சம் கேக்க வைங்க யக்கா."

ரிசீவரை மரத்தைப் பார்க்க நீட்டினேன். பார்த்தால் ஒரு சத்தம் இல்லை! காலையிலிருந்து காதைக் கிழித்த கழுதைகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கின்றன. தவிட்டுக்குருவி ஏழும் கிணற்று மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, வேடிக்கை பார்க்க. எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருப்பது? ரிசீவரை வாயருகே கொண்டுவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே தவிட்டுக்குருவி மாதிரிக் கத்தினேன். கீச், கீச், கீச்சுகீச்சுகீச்சு. இசக்கித்தாய் கையிலிருந்து தட்டு விழுந்தது. இவர் ஓடிவந்து பார்த்தார்.

டீச்சர், "யக்கா, அது தவிட்டுக்குருவி இல்ல" என்றாள்.

"பின்ன?"

"சைவப் பிள்ளமாரு வீட்டுக் கெழட்டுக் குருவி." சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது. "இன்னொரு தடவ செய்ங்க. பிருந்தா காதுல வைக்கேன்."

பதினாறு வருஷத்துப் பழக்கம், கேட்டால் செய்யத்தானே வேண்டும். செருமிவிட்டுக் கத்தினேன். ரிசீவரில் ஒரு சின்னப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், தள்ளி, டீச்சர் குரல்.

"கேட்டியா பிருந்தா? இந்தக் குருவிதான் என்னைய உங்கிட்ட வெரட்டி விட்டுது."

நான் இன்னொரு தடவை கத்தினேன்.